பூட்டை உடைப்போம் என்று பெய்லிஃப் எழுதிவிட்டுப் போனால்

வாசகியின் கடிதம் (சுருக்கி):

ஐயா, நாங்கள் லண்டனில் ஒரு ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தோம். உடன்படிக்கை போன ஒக்டோபர் 31ஆம் திகதியோடு முடிந்தது. திறப்பைக் கொடுத்துவிட்டு வேறு பரோவுக்கு, அதாவது இன்னொரு கவுன்சிலின் பகுதிக்கு, வந்துவிட்டோம். இங்கே கவுன்சில் வரி (உள்ளாட்சிச் சபைக்குக் கட்டும் வீட்டு வரி) ஒழுங்காகக் கட்டுகிறோம். பழைய வீட்டுக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை மாதம் 210 பவுண்ட் கட்டினோம். வீடு மாறுவதைக் கணவர் தொலைபேசியில் சொன்னார், ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லை. போன கிழமை திடீரென்று ஒரு பெய்லிஃப் (பாக்கியை அறவிட வரும் அமலாக்க முகவர்) வந்தார். இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் வந்து ஒரு தாளைக் கதவுக்குள் போட்டுவிட்டுப் போனார். லயபிலிட்டி ஓடர் (வரிப் பாக்கியைக் கட்டச் சொல்லும் நீதிமன்ற ஆணை) 945 பவுண்ட், அவர்களது செலவு 545 பவுண்ட், மொத்தம் 1,490 பவுண்ட் என்று அதில் இருக்கிறது. அடுத்த முறை பூட்டுத் திறப்பவரோடு வந்து சாமான்களை எடுத்துப்போவதாகவும் எழுதியிருக்கிறது. இதற்கு முன் எங்களுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. ஓடரில் கணவரின் பெயர் மட்டுமே இருக்கிறது. பகலில் வீட்டில் இருப்பது இங்கிலிஷ் தெரியாத மாமியும், பள்ளிக்கூடம் விட்டு வரும் 13 வயது மகனும்தான். கதவை உடைப்பார்களா? தாலிக்கொடியையும் கேட்பார்களா? வாசலில் நிற்பது என் அண்ணாவின் கார். கணவரைச் சிறையில் போடுவார்களா? கவுன்சிலுக்குச் சட்ட அதிகாரமே இல்லை, ஒரு சதமும் கட்டத் தேவையில்லை என்று வட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பியிருக்கிறார். அது உண்மையா?

பதில்:

அன்பின் சகோதரி,

முதலில் கதவு, ஏனென்றால் இரவில் நித்திரையைக் கெடுப்பது அதுதான். உடைக்க மாட்டார்கள். கவுன்சில் வரிப் பாக்கிக்காக முதல் தடவை வீட்டுக்குள் நுழையும் பெய்லிஃப்புக்குப் பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரம் கிடையாது. நீதிமன்றத் தண்டப்பணத்துக்கு வருபவருக்கு அந்த அதிகாரம் உண்டு. இரண்டு வகையினரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு ஒரே மாதிரித் தாளை நீட்டுவதால் சனம் குழம்பிவிடுகிறது. 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அவர் வழமையான வாசல் வழியாக, அமைதியாக, காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில்தான் நுழையலாம். ஜன்னலால் ஏற முடியாது. காலைக் கதவிடுக்கில் வைத்துத் தடுக்க முடியாது. பூட்டுத் திறப்பவரைக் கூட்டிவருவோம் என்ற வரி, உங்கள் நிலையில், அவரால் நிறைவேற்ற முடியாத மிரட்டல். அந்தத் தாளைப் படம் எடுத்து வையுங்கள். முறைப்பாட்டுக்கு அதுவே நல்ல சான்று.

ஆனால் பூட்டாத கதவைத் தானே திறந்துகொண்டு வரலாம். பின்கதவுக்கும் இது பொருந்தும். எங்கள் வீடுகளில் ஆபத்து இங்கேதான். வந்தவரை வாசலில் நிறுத்திக் கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். மாமி “உள்ளே வாங்கோ” என்று கையைக் காட்டிவிட்டால் அவர் சட்டப்படி உள்ளே வந்தவர் ஆகிவிடுவார் என்று நினைத்துப் பயப்படுவீர்கள். அதற்கும் ஒரு தடை இருக்கிறது. வீட்டில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை மட்டும், அல்லது பலவீன நிலையில் உள்ளவர் மட்டும், அல்லது இந்த இரு தரப்பினர் மட்டுமே இருந்தால் பெய்லிஃப் உள்ளே நுழையவே கூடாது. அமலாக்க முகவர்களுக்கான தேசிய நடத்தை நெறிகள், அப்படிப்பட்டவர்களாக இருக்கக்கூடியவர்கள் என்று முதியோரையும், ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுபவர்களையும் குறிப்பிடுகின்றன. மாமி இரண்டிலும் வருகிறார். இருந்தாலும் வாசலில் நிற்பவரோடு அவர் விதிகளைப் பேசி வெல்லப்போவதில்லை. கதவைப் பூட்டி வைக்கவும், யார் தட்டினாலும் திறக்காமல் உங்களுக்கு அழைக்கவும் சொல்லுங்கள். மகனை மொழிபெயர்க்க விடாதீர்கள்.

இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் பெய்லிஃப் பெரும்பாலும் எதையும் தூக்கிக்கொண்டு போவதில்லை. சாமான்களைப் பட்டியல் போட்டு, “இதில் ஒரு கையெழுத்து வையுங்கள், தவணையாகக் கட்டலாம்” என்பார். கேட்க நல்ல மாதிரித்தான் இருக்கும். ஆனால் கையெழுத்து வைத்த பிறகு ஒரு தவணை தவறினால், இரண்டு முழு நாள் முன்னறிவித்தல் தந்துவிட்டு வந்து பலத்தைப் பயன்படுத்தி நுழையும் உரிமை அவருக்கு வந்துவிடுகிறது. முதல் நாள் இல்லாத அதிகாரத்தை உங்கள் பேனாவால் நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும்.

தாலிக்கொடி உங்களுடையது. ஓடர் கணவரின் பெயரில் இருக்கிறது. கடன்பட்டவரின் பொருளை மட்டுமே கைப்பற்றலாம். கூட்டாக வாங்கிய பொருட்களில் அவருக்கும் பங்கு இருப்பதால் அவற்றில் கைவைக்கலாம். உங்களுக்கே சொந்தமான நகையில் முடியாது. அதற்கு மேல், ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும் பொருளை எடுப்பது அமைதியைக் குலைக்கும் என்றால் எடுக்கக்கூடாது என்றும் ஒரு விதி உண்டு. கழுத்தில் கிடக்கும் கொடியை யாரும் கேட்க முடியாது. அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், கட்டில், சாப்பாட்டு மேசை, மருத்துவச் சாதனங்கள் போன்ற அடிப்படைத் தேவைகளுக்கும், தொழிலுக்கு வேண்டிய கருவிகளில் மொத்தம் 1,350 பவுண்ட் வரைக்கும் விலக்கு இருக்கிறது. தொலைக்காட்சி அந்தப் பட்டியலில் இல்லை.

கார்தான் எனக்குக் கவலை. அதை எடுக்க வீட்டுக்குள் வரத் தேவையில்லை. தெருவில் வைத்தே சக்கரத்தைப் பூட்டலாம், பூட்டி இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இழுத்துப் போகலாம். அண்ணாவின் கார் என்று வாயால் சொன்னால் கேட்கமாட்டார்கள், பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள் என்பதால். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருப்பது பொறுப்பாளரின் பெயரே தவிர உரிமையாளரின் பெயர் அல்ல. அதனால் அண்ணா கார் வாங்கியபோது காசு கொடுத்த வங்கிப் பதிவையும், விற்றவர் தந்த பற்றுச்சீட்டையும், காப்புறுதியையும் சேர்த்து இன்றைக்கே அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும். எடுத்துப் போய்விட்டால் ஏழு நாளுக்குள் அவர் எழுத்தில் உரிமை கோரவேண்டும். அந்த ஏழு நாளும் கெதியில் ஓடிவிடும். முடிந்தால் காரைக் கொஞ்ச நாளைக்கு வேறெங்காவது நிறுத்துங்கள்.

சிறை பற்றி. இங்கிலாந்தில் அந்த அதிகாரம் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, ஆகக்கூடியது மூன்று மாதம். ஆனால் கவுன்சில் அதைத் தானாகச் செய்ய முடியாது. பெய்லிஃப் போய்ப் போதிய பொருள் இல்லை என்று திரும்பியிருக்கவேண்டும். பிறகு நீதவான் கணவரை நேரில் வைத்து, அவரது வருமானத்தை விசாரித்து, காசு இருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை அல்லது குற்றமான அசட்டையால் கட்டவில்லை என்று முடிவுக்கு வரவேண்டும். வேல்ஸில் ஒரு தாயை 81 நாள் சிறைக்கு அனுப்பிய ஆணையை, இந்த விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்பதால், 2017இல் மேல் நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது. 2019 ஏப்ரல் 1 முதல் வேல்ஸில் இந்தத் தண்டனையே இல்லை. கட்ட வேண்டியதே இருந்ததா என்று கேள்வி எழும் உங்கள் கணவருக்கு இந்தப் பயம் தேவையில்லை.

இனி நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் முழுக்கக் கதவையும் பெய்லிஃப்பையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் பார்த்தது கணக்கை.

கவுன்சில் வரி ஆண்டுக்கு ஒரு தொகையாக வந்தாலும் சட்டம் அதை நாள் கணக்கில்தான் விதிக்கிறது. நீங்கள் மாதம் 210 பவுண்ட் கட்டியிருக்கிறீர்கள். வழமையான பத்துத் தவணை என்றால் ஆண்டு வரி 2,100 பவுண்ட். ஏப்ரல் 1 முதல் ஒக்டோபர் 31 வரை 214 நாள். அந்த நாட்களுக்கான வரி ஏறத்தாழ 1,231 பவுண்ட். நீங்கள் ஆறு தவணையில் கட்டியது 1,260 பவுண்ட். பன்னிரண்டு மாத வரியைப் பத்து மாதத்தில் அறவிடுவதால் இடையில் போகிறவர் எப்போதும் கொஞ்சம் முன்கூட்டிக் கட்டியவராகவே இருப்பார். ஆக உங்களுக்குக் கடன் இல்லை, கவுன்சில்தான் ஏறத்தாழ 29 பவுண்டைத் திருப்பித் தரவேண்டும் என்று தெரிகிறது. 945 என்பது மிச்சம் நான்கு தவணையான 840 பவுண்டும் அழைப்பாணைச் செலவு 105 பவுண்டும் சேர்ந்தது போலிருக்கிறது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று அவர்களின் கணினிக்குத் தெரியாது. அதனால் நினைவூட்டல், முழு ஆண்டுக்கும் கேட்பு, அழைப்பாணை எல்லாம் வெற்று வீட்டுக்குப் போயிருக்கும்.

இந்தக் கணக்கு ஒரு திகதியில் தங்கியிருக்கிறது. திறப்பைக் கொடுத்த நாள் முக்கியமில்லை, உடன்படிக்கை சட்டப்படி முடிந்த நாளே முக்கியம். ஆறு மாதமோ அதற்கு மேலோ என்று எழுதிய உடன்படிக்கை இன்னும் உயிரோடு இருந்தால், வீட்டில் யாரும் வசிக்காவிட்டாலும் வாடகைக்காரர் வரிக்குப் பொறுப்பாகலாம். ஆகவே ஒக்டோபர் 31 என்று காட்டும் வீட்டுக்காரரின் கடிதம், முகவரின் மின்னஞ்சல், வைப்புப் பணம் திரும்பிய பதிவு, புதிய வீட்டின் உடன்படிக்கை எல்லாவற்றையும் தேடி எடுங்கள்.

“ஒரு கடிதமும் வரவில்லை” என்கிறீர்கள். அழைப்பாணையைப் பொறுத்தவரை அது தனியே போதாது. கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பினாலே கவுன்சில் தன் கடமையைச் செய்ததாகும். நீதவான் நீதிமன்றத்தில் ஒரே அமர்வில் ஏராளமான பெயர்களுக்கு ஒரே மூச்சில் ஓடர் போட்டுவிடுவார்கள். ஆனால் பெய்லிஃப் வருவதற்கு முன் அனுப்பும் அமலாக்க அறிவித்தலுக்கு விதி வேறு. கடன்பட்டவர் வழமையாக வசிக்கும் இடத்துக்கோ தொழில் செய்யும் இடத்துக்கோ அது போகவேண்டும், ஏழு முழு நாள் அவகாசமும் இருக்கவேண்டும், ஞாயிறும் பொது விடுமுறையும் அந்த ஏழில் சேராது. அதைப் பழைய ஃபிளாட்டுக்கு அனுப்பிவிட்டுப் பெய்லிஃப்பை மட்டும் உங்கள் புது வீட்டுக்கு அனுப்பியிருந்தால், முன்னறிவித்தல் இல்லாமல் வந்தவர் என்ற வாதம் உங்கள் கையில் பலமாக இருக்கிறது. அவர்கள் ஏற்றிய செலவையும் அது கேள்விக்கு உள்ளாக்கும்.

செலவிலேயே இன்னொரு பிழை. 2014இல் விதிகள் வகுத்த தொகை, கோப்பு கைக்கு வந்ததும் 75 பவுண்ட், வீட்டுக்கு வரும் கட்டத்துக்கு 235, பொருளை எடுத்து விற்கும் கட்டத்துக்கு 110. கடன் 1,500 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மட்டும் பிந்திய இரண்டு கட்டத்திலும் மேலதிகமாக 7.5 சதவீதம். 235 என்பது கட்டத்துக்கான கட்டணம், ஒவ்வொரு தடவையும் கதவைத் தட்டுவதற்கான கூலி அல்ல. உங்கள் தாளில் 75, 235, இன்னொரு 235 சேர்ந்துதான் 545 வந்திருக்கிறது. முன்னறிவித்தல் சரியாகப் போயிருந்தாலும் அந்தக் கட்டணப்படி 310க்கு மேல் கேட்க முடியாது.

அழைப்பாணைச் செலவையும் கவுன்சில் தன் விருப்பத்துக்குப் போட முடியாது, நியாயமாக ஏற்பட்ட செலவு மட்டுமே. லண்டனின் ஹாரிங்கே கவுன்சில் 125 பவுண்ட் போட்டதை எதிர்த்து ஓய்வு பெற்ற பாதிரியார் போல் நிக்கல்சன் போராடினார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று காட்டப் போதிய விவரம் நீதவான்கள் முன் இருக்கவில்லை என்று மேல் நீதிமன்றம் 2015இல் சொன்னது. உங்கள் வழக்கில் இதற்குள் போகத் தேவை வராது. ஓடரே போய்விட்டால் செலவும் அதோடு போய்விடும்.

ஓடரை எடுப்பது எப்படி? கவுன்சிலே நீதவான் நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்துத் தன் ஓடரை நீக்கிக்கொள்ள விதியில் இடமுண்டு. குறைந்த தொகைதான் பாக்கி என்றால் அந்தத் தொகைக்கு மாற்றவும் முடியும். பெரும்பாலான கவுன்சில் அலுவலர்கள் இதைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் கேட்கவேண்டும். மறுத்தால் நீங்களே நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே மூன்று கேள்விதான் எடுபடும்: உண்மையில் வாதத்துக்குரிய பிணக்கு இருக்கிறதா, நடைமுறையில் பெரிய பிழையோ தவறலோ நடந்ததா, தெரிந்தவுடன் தாமதமின்றி வந்தீர்களா. 2008இல் லண்டனின் நியூஹாம் கவுன்சிலும் ஸ்ட்ராட்போர்ட் நீதிமன்றமும் சம்பந்தப்பட்ட வழக்கிலும் மேல் நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. மூன்றாவது கேள்விக்காகவே இந்தக் கிழமையே தொடங்குங்கள் என்கிறேன்.

ஓடரோடு நிற்காமல், எந்த நாள் வரை வரிக்குப் பொறுப்பு என்ற பிணக்கையும் கவுன்சிலுக்கு எழுத்தில் முன்வையுங்கள். அவர்கள் மறுத்தால் மறுப்பு வந்து இரண்டு மாதத்துக்குள் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு (வலுவேஷன் ட்ரைபியூனல்) போகலாம். இரண்டு மாதம் பதிலே தராவிட்டால், நீங்கள் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் போகவேண்டும். அங்கே கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் கட்டாயமில்லை. வரி யார் தலையில் என்பதைத் தீர்மானிக்கும் இடம் அதுதான். நீதவான் நீதிமன்றத்தில் அதைக் கதைக்கப் போனால் தீர்ப்பாயத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள்.

வட்ஸ்அப் செய்தி பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அழைப்பாணையைக் கவுன்சிலே அச்சடிக்கிறது, ஓடரில் நீதிமன்ற முத்திரை இல்லை, நான் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்து வைக்கவில்லை, ஆகவே வரி செல்லாது என்று சுற்றிவருவதெல்லாம் வெறும் கதை. வரி ஒப்பந்தத்தால் வருவதில்லை, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் வருகிறது. அழைப்பாணையைக் கவுன்சில் அச்சடிப்பதும் சட்டப்படி சரியே. இந்த வாதத்தோடு போனவருக்கு நீதிமன்றத்தில் கிடைத்தது மேலதிகச் செலவு மட்டுந்தான். உங்கள் கையில் நல்ல வழக்கு இருக்கும்போது அதன் பக்கத்தில் இந்தக் குப்பையை வைத்தால், அலுவலர் இரண்டையும் ஒரே கூடைக்குள் போட்டுவிடுவார்.

“பெய்லிஃப்புக்கு உள்ளே வர முடியாது, அப்படியே விட்டுவிடலாம்” என்றும் நினைக்கவேண்டாம். லயபிலிட்டி ஓடர் இருக்கும்வரை, இன்னொரு முறை நீதிமன்றம் போகாமலே கணவரின் சம்பளத்தில் கழிக்கும்படி கவுன்சில் வேலைத்தலத்துக்கு உத்தரவிடலாம். எவ்வளவு என்பதை விதி வகுத்திருக்கிறது. இங்கிலாந்தில் கையில் வரும் மாதச் சம்பளம் 1,900 பவுண்ட் என்றால் 17 சதவீதம், அதாவது மாதம் 323 பவுண்ட். கதவும் தேவையில்லை, பூட்டுத் திறப்பவரும் தேவையில்லை. இங்கே உள்ள ஒரு கட்டுப்பாடு, ஒரே ஓடருக்கு ஒரே நேரத்தில் ஒரு வழியைத்தான் பிடிக்கலாம் என்பது. பெய்லிஃப் கையில் கோப்பு இருக்கும்போதே சம்பளத்திலும் கழிக்க முடியாது. ஆனால் கோப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு மற்ற வழிக்குப் போகலாம்.

ஆகவே எழுதவேண்டியது இதுதான். கவுன்சிலின் வரிப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல், பிரதி பெய்லிஃப் நிறுவனத்துக்கு. தொலைபேசி வேண்டாம், ஏற்கெனவே ஒருமுறை பட்டுவிட்டீர்கள். கணவரின் பெயரில், உடன்படிக்கை ஒக்டோபர் 31இல் முடிந்ததென்று சான்றுகளை இணைத்து, 214 நாள் கணக்கைக் காட்டி, இது வரிப் பொறுப்புப் பற்றிய முறையான பிணக்கு என்று சொல்லுங்கள். ஓடரை நீக்க விண்ணப்பிக்கும்படியும், முடிவு வரும்வரை கோப்பைப் பெய்லிஃப்பிடமிருந்து திருப்பி எடுக்கும்படியும் கேளுங்கள். ஓடர் போட்ட நாள், நீதிமன்றம், அது எந்தக் காலத்துக்கானது, அழைப்பாணையும் அமலாக்க அறிவித்தலும் எந்த முகவரிக்கு எந்த நாளில் போயின என்பதையும் கேளுங்கள். கணவரைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் தரவைக் கேட்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. அதற்குக் காசு இல்லை, வழமையாக ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். அவர் எடுத்த தொலைபேசி அழைப்பின் குறிப்பு அதில் கிடைத்தாலும் கிடைக்கும்.

இரண்டாவது மின்னஞ்சல் முறைப்பாடு: இரண்டு தடவை 235, பூட்டுத் திறப்பவர் மிரட்டல், வீட்டில் முதியவரும் பிள்ளையும் இருப்பது. பெய்லிஃப் நிறுவனத்தின் பிழை எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கவுன்சில் சொல்லித் தப்ப முடியாது. அனுப்பியவர்கள் அவர்கள்தான். கவுன்சிலின் முறைப்பாட்டு நடைமுறை முடிந்தும் திருப்தியில்லை என்றால் உள்ளாட்சிக்கான ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம்.

கவுன்சில் வேறு திகதியைக் காட்டி, உண்மையாகவே ஏதாவது பாக்கி என்று முடிவானால் பயப்படவேண்டாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஸ்டெப்சேஞ்ச், நஷனல் டெப்ட்லைன் என்ற ஆலோசனை அமைப்புகள் மூன்றும் இலவசமாக உதவும். கடன் ஆலோசகர் மூலம் 60 நாள் மூச்சுவிடும் அவகாசமும் கேட்கலாம். அந்த நாட்களில் பெய்லிஃப் வரவே முடியாது. நான் சொன்னதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்தில் இருக்கும் வாசகர்களுக்கு நடைமுறை முழுக்க வேறு, அவர்கள் தனியாக எழுதட்டும்.

மின்னஞ்சலை அனுப்ப முதல், கணவரின் வங்கிப் பதிவில் ஆறு தவணையும் போன திகதிகளை ஒருமுறை வடிவாகச் சரிபாருங்கள். ஒரு தவணை திரும்பி வந்திருந்தாலும் நான் போட்ட கணக்கு மாறிவிடும்.